அறுவடையா, அழிவா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சுவீட்வாட்டர் என்றொரு சிற்றூர். வாலை அசைத்து ஒலியெழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பிடித்துக் குவிக்கும் விழா அங்கே 1958-இல் தொடங்கியது. மார்ச் மாதந்தோறும் நடைபெற்று வருகிறது. தோலும் இறைச்சியும் விற்பனையாகின்றன. வருவாய் நற்பணிகளுக்குச் செல்கிறது. மனிதரையும் கால்நடைகளையும் காக்கவே இதனைச் செய்கிறோம் என்பர் அவ்வூரார். அவர்களது அச்சத்தை நாம் எளிதாகப் புறந்தள்ளலாகாது.

ஆயினும், பொந்துகளுக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்திப் பாம்புகளை வெளியேற்றும் முறை, அங்கே ஒதுங்கிய பிற உயிர்களையும் வதைக்கிறது. எஞ்சியிருப்பவை எத்தனை என்று எண்ணாமல் எடுப்பது அறுவடை ஆகுமா? விதைநெல்லையும் சேர்த்து உண்பவனை உழவன் என்போமா?

ஜார்ஜியா மாநிலத்துக் கிளாக்ஸ்டன் ஊராரும் 1968 முதல் இத்தகைய விழா எடுத்தவர்களே. 2012-இல் அதனை வனவிலங்கு விழாவாக மாற்றினர். பாம்புகள் இன்றும் காட்சிக்கு உண்டு; கொலைதான் இல்லை. ஊரின் விழாவும் நின்றுவிடவில்லை.

அஞ்சத்தக்க உயிரிடத்தும் அளவறிந்து நடப்பதே அறிவுடைமை. பாம்பைக் கண்டால் அடி என்கிறோமா, விலகி வழிவிடு என்கிறோமா? நம் இல்லத்துப் பிள்ளைகள் நம்மையே பார்த்துக் கற்கின்றனர்.