கேம்பர்வேன் வாடகையை விடுங்க, டெபாசிட் எவ்வளவுன்னு கேளுங்க



நியூசிலாந்து தெற்குத் தீவுல ஒரு கேம்பர்வேன் எடுத்து ஒரு வாரம் சுத்தணும். டேகப்போ ஏரிக்கரையில வண்டியை நிறுத்தி, போர்வைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டே பனி மலையைப் பார்த்து காபி குடிக்கணும். வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆன நிறைய பேரோட ஆசை இப்ப இதுதான். கனகசெட்டிக்குளத்துத் தம்பி ஒருத்தர், சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, கல்யாணமாகி ஒரு வருஷம், கணக்கோடயே வந்து கேட்டார்: "அண்ணா, ஹோட்டலும் வேண்டாம், காரும் வேண்டாம். நாளுக்கு 120 டாலர்ல ரெண்டும் முடிஞ்சிடுது. மீதிக்கு 5 லட்சம் பர்சனல் லோன் போட்டுக்கலாமா?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். டூர் போங்க. ஆனா வேன் எடுத்தா காசு மிச்சம்னு நம்பி போகாதீங்க. லோன் போட்டு கண்டிப்பா போகாதீங்க.

முதல்ல அந்த 120 டாலரைப் பிரிச்சுப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு நியூசிலாந்து டாலர் 52 ரூபாய், ரெண்டு பேர், 7 இரவு, 1,200 கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. கிறைஸ்ட்சர்ச்ல ஆரம்பிச்சு, டேகப்போ, மவுன்ட் குக், வனாக்கா, குயின்ஸ்டவுன் பார்த்துட்டு திரும்ப கிறைஸ்ட்சர்ச் வர ஓரளவு இது போதும். கீழ சொல்ற விலையெல்லாம் நான் எடுத்துக்கிட்ட ரேட்டுதான். சீசனுக்கும் கம்பெனிக்கும் தகுந்த மாதிரி மாறும்.

வாடகை 840 டாலர். இது விளம்பரத்துல தெரியுற விலை. அடுத்து டீசல். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு டக்குனு புரியும். சென்னையிலேர்ந்து ஈசிஆர்ல வர்ற வண்டிங்க கனகசெட்டிக்குளம் எல்லை வந்ததும் ஏன் பங்க்ல ஒதுங்குது? பாண்டியில பெட்ரோல், டீசல் மேல வாட் குறைவு. அதனால விலை நிஜமாவே குறைவு. நியூசிலாந்துலயும் பங்க் போர்டுல பெட்ரோலைவிட டீசல் ரொம்ப மலிவா தெரியும். ஆனா அது நிஜமான குறைவு இல்லை. பெட்ரோல்ல சாலை வரி விலைக்குள்ளேயே இருக்கு. டீசல் வண்டிக்கு அதைத் தனியா, ஓடுற கிலோமீட்டர் கணக்குல வாங்குறாங்க. சிறிய டீசல் வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது மீட்டரைப் பார்த்து உங்க கார்டுல போடுவாங்க. ஆக டீசல் சுமார் 260, இந்த வரி 91.

அடுத்து ராத்திரி நிறுத்துற இடம். கண்ட இடத்துல ஓரங்கட்டித் தூங்கலாம்னு நினைச்சா, 2023-ல சட்டத்தை இறுக்கிட்டாங்க. கவுன்சில் இடங்கள்ல இலவசமா தங்கணும்னா, வண்டிக்குள்ளயே நிரந்தரமாப் பொருத்தின டாய்லெட்டோட சான்று வாங்கின வண்டியா இருக்கணும். மீறினா நூற்றுக்கணக்கான டாலர் அபராதம். அதோட குளிரும் இருக்கு. பல வேன்கள்ல ஹீட்டர் நல்லா வேலை செய்யணும்னா கரன்ட் இணைப்பு வேணும். அதனால மே, ஜூன் மாசத்துல போறவங்க கரன்ட் உள்ள கேம்ப் இடத்துலதான் பெரும்பாலும் தங்க வேண்டி வரும். ரெண்டு பேருக்கு ராத்திரிக்கு 60 டாலர்னு வச்சா 420.

இப்ப முக்கியமான விஷயம். வாடகையோட வர்ற இலவச இன்சூரன்ஸ்ல, வண்டிக்கு அடிபட்டா முதல் 5,000 டாலர், சில இடத்துல அதுக்கும் மேல, உங்க பொறுப்பு. அந்தத் தொகையை வண்டி எடுக்கும்போதே கிரெடிட் கார்டுல பிடிச்சு வைப்பாங்க. நம்ம கணக்குப்படி 2,60,000 ரூபாய். தம்பியோட கார்டு லிமிட் எவ்வளவு தெரியுமா? 1,80,000. அவருக்கு இந்த விஷயமே தெரியாது. டிக்கெட் எடுத்து, விசா வாங்கி, அவ்வளவு தூரம் பறந்து போய் கவுன்டர்ல நிக்கும்போது கார்டு டிக்ளைன் ஆனா என்ன பண்ணுவார்? நிறைய கம்பெனிகள் இந்த டெபாசிட்டுக்கு ஃபாரக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ ஏத்துக்கிறதில்ல. ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேட்பாங்க.

சில கம்பெனி ஹோல்டு மட்டும் போடும். சில கம்பெனி பணத்தை எடுத்துட்டு அப்புறம் திருப்பித் தரும். எதுன்னு புக் பண்றதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு பதில் வாங்குங்க. ரெண்டாவது வகைன்னா கார்டு கம்பெனியோட மார்க்அப் 3.5%, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 4.13%. 2.6 லட்சத்துக்கு 10,738 ரூபாய். டெபாசிட் முழுசா வந்தாலும் இந்த மார்க்அப்பும் வரும்னு எதிர்பார்க்காதீங்க. ரெண்டு தேதிக்கும் நடுவுல டாலர் ரேட் மாறினா அதுவும் உங்க தலையிலதான்.

இந்தத் தொல்லை வேண்டாம்னா, நாளுக்கு 45 டாலர் மாதிரி கூடுதலாக் கட்டி பொறுப்பைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்கலாம். 7 நாளுக்கு 315. நான் இதை எடுக்கத்தான் சொல்வேன். சிக்கனம் பார்க்குற இடம் இது இல்லை. ஆனா அதுலயும் விதிவிலக்கு இருக்கு. தப்பான எரிபொருள் போட்டது, வேனோட கூரை இடிச்சது, தடை செஞ்ச ரோட்டுல போனது இதுக்கெல்லாம் பெரும்பாலும் கவர் கிடையாது. குயின்ஸ்டவுன் பக்கத்துல ஸ்கிப்பர்ஸ் கேன்யன்னு ஒரு மலைப்பாதை, வாடகை வண்டிகளுக்குத் தடைன்னு ஒப்பந்தத்துலயே போட்டிருப்பாங்க. இதுவே ஐஸ்லாந்தா இருந்தா, காத்துல கதவு பிய்ச்சுக்கிட்டுப் போறதும் மணல் அடிச்சு பெயின்ட் போறதும் சாதாரண கவர்ல வராது. ஒப்பந்தத்துல நீங்க முதல்ல படிக்க வேண்டியது இந்த விதிவிலக்குப் பக்கம்தான்.

கூட்டிப் பார்த்தா 1,926 டாலர், அதாவது 1,00,152 ரூபாய். நாளுக்கு 275 டாலர். 120-ல ஆரம்பிச்ச கதை இது! சின்ன கார், அதுக்கு இன்சூரன்ஸ், பெட்ரோல், சுமாரான மோட்டல்னு இதே மாதிரி நான் போட்டுப் பார்த்தப்ப நாளுக்கு 270 கிட்ட வந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதான். வேன்ல சமைச்சுச் சாப்பிட்டா கொஞ்சம் மிச்சமாகும், ஒத்துக்கறேன். (அம்மா கொடுத்து அனுப்புற இட்லிப்பொடி, ஊறுகாயை ஏர்போர்ட்ல கண்டிப்பா டிக்ளேர் பண்ணுங்க. சொன்னா, மிஞ்சிப்போனா எடுத்து வச்சுக்குவாங்க. சொல்லாம மாட்டினா அங்கேயே 400 டாலர் அபராதம். இருபதாயிரம் ரூபாய்க்கு இட்லிப்பொடி!) நினைச்ச இடத்துல நிறுத்தி, காலையில கண் முழிச்சதும் மலையைப் பார்க்கிறதுக்காக வேன் எடுக்கிறீங்களா, தாராளமா எடுங்க. அது வேற சுகம்.

லோன் விஷயத்துக்கு வருவோம். ரெண்டு பேர் ஃபிளைட், விசா, அதோட சேர்த்துக் கட்டுற 100 டாலர் சுற்றுலா வரி, வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து 5 லட்சம்னு தம்பி பட்ஜெட் போட்டிருந்தார். 14% வட்டியில 36 மாசம்னா ஈஎம்ஐ 17,089. மொத்தம் கட்டுறது 6,15,000-க்கு மேல. வட்டி மட்டும் 1.15 லட்சம். 7 நாள் வேன், டீசல், இன்சூரன்ஸ், கேம்ப் எல்லாத்துக்கும் ஆகுற செலவைவிட இது அதிகம். அதே 17,089-ஐ இப்பவே 6.5% ஆர்டியில போட்டா 28-வது மாசம் 5 லட்சத்தைத் தாண்டிடும் (வட்டிக்கு வரி தனி). லோன்ல போனா 36 தவணை, சேர்த்துட்டுப் போனா 28 தவணை. "அண்ணா, 28 மாசத்துல குழந்தை பொறந்துடும், அப்புறம் எங்க போறது?"ன்னார். நியாயமான கேள்வி. என் பதில்: வர்ற போனஸை அப்படியே இதுல போடுங்க. ஜனவரி, பிப்ரவரி பீக் சீசனை விட்டுட்டு ஏப்ரல் கடைசி, மேன்னு இலையுதிர் காலத்துல போங்க. வாடகை இறங்கும், கூட்டமும் குறையும். 18 மாசத்துக்குள்ள முடிக்கலாம். குழந்தை வரப்போற வீட்டுல 17,000 ரூபாய் ஈஎம்ஐ ஓடிட்டிருக்கிறதுதான் எனக்கு பயமா இருக்கு.

ஒரு நல்ல விஷயம், அங்கயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். இங்கிலீஷ்ல இருக்கிற நம்ம லைசன்ஸ் செல்லும். ஆனா ஸ்விஃப்ட் ஓட்டின கைக்கு வேன் பெரிசு. முதல் நாள் நூறு கிலோமீட்டருக்கு மேல பிளான் போடாதீங்க.

இனி வரி. எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமான்னு கேட்கிறவங்களுக்கு: முடியாது. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும். வெளிநாடு சுத்திட்டு வந்து கிளெய்ம் பண்ண ஸ்டேட் பேங்க் ஊழியர்கள் வழக்குல 2022 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. டிசிஎஸ் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க. டூர் பேக்கேஜா எடுத்தா 2026 ஏப்ரல்லேர்ந்து 2% பிடிப்பாங்க, அது உங்க வரிக் கணக்குலதான் வரவாகும். எச்ஆர் கிட்ட சொன்னா சம்பள டிடிஎஸ்லயே கழிச்சுக்கலாம். நீங்களே தனித்தனியா புக் பண்ணி வருஷத்துக்கு 10 லட்சத்துக்குள்ள அனுப்பினா டிசிஎஸ் கிடையாது. வெளிநாட்டுல நின்னு கிரெடிட் கார்டு தேய்க்கிறது இப்போதைக்கு இந்தக் கணக்குலயே வராது.

இன்னொண்ணு. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு நிதியாண்டுல உங்க பணம் 2 லட்சத்தைத் தாண்டினா, வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். உங்களுக்காக மட்டும் இல்லை, வேற யாருக்காகச் செலவு பண்ணினாலும் சேரும். வேலையை விட்டுட்டு சேமிப்புல டூர் போறவங்களும், வருமானம் இல்லாத மனைவி கணக்குலேர்ந்து டிக்கெட் போடுறவங்களும் ஜூலையில ஃபைல் பண்ணும்போது அந்தக் கேள்விக்கு 'ஆமா'ன்னு டிக் பண்ண மறந்துடாதீங்க.