மண்ணில் பிசைந்த மனிதன்

படைப்புக் கதைகளை அருகருகே வைத்ததுமே ஒற்றுமைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளின் படைப்புக் கதையை ஜார்ஜ் ஸ்மித் 1876-இல் நூலாக வெளியிட்ட நாள் தொட்டு, பைபிள் அதைப் பார்த்து எழுதப்பட்டதா என்ற வழக்கு ஓயவில்லை. மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி. பாபிலோனிய அத்ரஹாசிஸ் காவியத்தில், வாய்க்கால் வெட்டிச் சலித்த சிறு தெய்வங்கள் மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயிலிட்டு, நள்ளிரவில் தலைமைத் தெய்வமான என்லிலின் வாசலை முற்றுகையிடுகின்றன. அவற்றின் சுமையை ஏற்கவே, கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தமும் சதையும் களிமண்ணில் கலக்கப்பட்டு மனிதன் உருவாகிறான். அதாவது, அவன் பிறவிக் கூலியாள். பைபிளின் ஆதியாகமத்திலும் மனிதன் மண்தான். ஆனால் அதன் முதல் அதிகாரம் ஆணையும் பெண்ணையும் கடவுளின் சாயல் என்கிறது. அண்டை நாடுகளில் அரசர்களுக்குச் சூட்டப்பட்ட புகழ் அது.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தத்தானே ஆதாம் வைக்கப்பட்டான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கடவுளின் அலுப்பைத் தீர்க்க யாரும் படைக்கப்படவில்லை. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், கால்நடைக்கும்கூட, வாரத்தில் ஒருநாள் ஓய்வு தரச் சொல்லும் யாத்திராகமம், அதற்கு ஆதாரமாகக் காட்டுவது படைப்பின் ஏழாம் நாளைத்தான்.