போன் நம்பர் கேட்டா கொடுத்தே ஆகணுமா? புதிய டேட்டா பாதுகாப்புச் சட்டம் நமக்கு எப்போ, எவ்வளவு உதவும்?

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கம் ஒரு நாள் வெளியே போய் வந்தாலே நம்ம செல்போன் நம்பர் நாலு இடத்தில் பதிவாகிவிடுகிறது. சூப்பர் மார்க்கெட் பில் கவுன்ட்டரில் "நம்பர் சொல்லுங்க". ஸ்கேன் சென்டரில் "ஆதார் ஜெராக்ஸ் இருக்கா?". அப்பார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி நீட்டும் நோட்டு. மனை விற்கும் ஸ்டாலில் குலுக்கல் கூப்பன். அடுத்த வாரமே "சார், கூடுவாஞ்சேரி பக்கம் பிளாட் இருக்கு, லோன் நாங்களே பண்ணித் தர்றோம்" என்று ஒரு அழைப்பு.

"என் நம்பரை யார் யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டா? உண்டு என்கிறது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஆனால் அந்த உரிமை இன்னும் நம் கைக்கு வரவில்லை. வந்த பிறகும், தகவல் கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டம் ஒரு ரூபாய்கூட வாங்கித் தராது. ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சட்டம் வந்தாச்சா, இல்லையா?

தனியுரிமை என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் ஒரு வரைவைக் கொடுத்தது. பல திருத்தங்களைக் கடந்து 2023 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது.

ஆனால் விதிமுறைகள் இல்லாமல் சட்டம் இரண்டு வருடத்துக்கு மேல் காகிதத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில்தான் விதிகள் அரசிதழில் வெளியாகின. அவையும் மூன்று கட்டமாகத்தான் அமலுக்கு வருகின்றன.

முதல் கட்டம் உடனடியாக வந்தது. புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பதற்கான பிரிவுகள் இதில் அடங்கும். இரண்டாவது கட்டம் ஒரு வருடம் கழித்து. நம் சார்பில் சம்மதங்களை நிர்வகிக்கும் 'சம்மத மேலாளர்' அமைப்புகளுக்கான பதிவு அப்போது தொடங்கும். மூன்றாவது கட்டம் 18 மாதம் கழித்து, அதாவது அறிவிப்பின்படி 2027 மே மாதம். நுகர்வோருக்கு வேண்டிய முக்கியமான உரிமைகள் எல்லாமே இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

அமலுக்கு வந்தால் என்ன கிடைக்கும்?

எந்தத் தகவல், எதற்காக வாங்குகிறோம் என்று நிறுவனம் எளிய மொழியில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் நீட்டினால் போதாது. தமிழ் உள்பட அரசியலமைப்பின் 8-வது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் நாம் விரும்பும் மொழியில் படிக்க வசதி தர வேண்டும்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நம் தகவல் எந்தெந்த நிறுவனத்துக்குப் போனது என்று கேட்கலாம். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம், தேவை முடிந்துவிட்டால் அழிக்கச் சொல்லலாம்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலை வாங்க, சரிபார்க்கக்கூடிய வகையில் பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளி, மருத்துவமனை போன்ற சில இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

தகவல் கசிந்துவிட்டால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். புகார் கொடுத்தால் நிறுவனம் 90 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே தீராவிட்டால் வாரியத்திடம் ஆன்லைனிலேயே முறையிடலாம்.

சென்னையில் நடந்தது என்ன?

இந்தத் தாமதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்டார் ஹெல்த் விவகாரமே உதாரணம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராம் சாட்பாட் வழியாகக் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயர், முகவரி, போன் நம்பரோடு மருத்துவப் பரிசோதனை அறிக்கைகளும் அதில் இருந்தன. 3.1 கோடி பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னார்.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த சாட்பாட்டுகளைத் தடுக்க இடைக்கால உத்தரவு வாங்கியது. சைபர் தாக்குதல் நடந்ததையும், சில தகவல்கள் அனுமதியின்றி எடுக்கப்பட்டதையும் அக்டோபரில் உறுதி செய்தது.

அப்போது 2023 சட்டம் நிறைவேறி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வாரியம் இல்லை, விதி இல்லை. "என் ரிப்போர்ட்டும் அதில் இருக்கா?" என்று பாலிசிதாரர் கேட்டால், அதற்கு இந்தச் சட்டத்தின்படி பதில் வாங்க வழியே இல்லாமல் இருந்தது.

250 கோடி அபராதம்... நமக்கு எவ்வளவு?

தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவை மறைத்தால் 200 கோடி வரை. கேட்க பலமாகத்தான் இருக்கிறது. ஆனா அந்தப் பணம் முழுக்க மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்ற பேச்சே இந்தச் சட்டத்தில் கிடையாது.

இதுவரை ஒரு வழி இருந்தது. தகவலை அலட்சியமாக வைத்திருந்து ஒருவருக்கு நஷ்டம் ஏற்படுத்தும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு. மூன்றாவது கட்டம் அமலுக்கு வரும்போது இந்தப் பிரிவு நீக்கப்படுகிறது.

இந்த ஐ.டி. சட்டம் தமிழ்நாட்டில் பலன் கொடுத்தும் இருக்கிறது. போலி மின்னஞ்சல் மோசடியில் பணத்தை இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று ஐசிஐசிஐ வங்கிக்கு 2010-ல் உத்தரவிட்டார் மாநில ஐ.டி. துறைச் செயலாளர். அவர்தான் இந்தச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரி. அந்த உத்தரவு வேறு பிரிவுகளின் கீழ் வந்தது என்றாலும், பணம் நேராகப் பாதிக்கப்பட்டவருக்குத்தான்.

புதிய சட்டத்தில் நமக்கும் கடமைகள் உண்டு. பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். ஆக, நாம் தப்பு செய்தால் கட்டணும். நமக்குத் தப்பு நடந்தால் நம் கைக்கு எதுவும் வராது.

ஆர்.டி.ஐ.யில் என்ன மாற்றம்?

நுகர்வோர் உரிமைகள் 2027 வரை காத்திருக்க, ஒரு மாற்றம் மட்டும் 2025 நவம்பரிலேயே வந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டது. முன்பு, பொது நலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம்.

உதாரணமாக, 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில்தான் மாடம்பாக்கம் இருக்கிறது. ஒரு திட்டத்தின் பயனாளிகள் பட்டியலை அங்கே கேட்டால், 'தனிநபர் தகவல்' என்று சொல்லித் திருப்பி அனுப்ப வாய்ப்பு கூடியிருக்கிறது. அப்படி மறுத்தால், பொது நலனைச் சுட்டிக்காட்டும் 8(2) பிரிவைச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது.

சட்டம் தொடாத இடங்கள்

பெயரிலேயே 'டிஜிட்டல்' இருப்பதைக் கவனிங்க. அப்பார்ட்மென்ட் கேட்டில் நோட்டில் எழுதும் நம்பருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதையே செயலியிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றினால் பொருந்தும். நாமே சமூக வலைதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்ட நம்பருக்கும் பாதுகாப்பு இல்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கு அளிக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு.

2027 வரை என்ன செய்யலாம்?

• பில் போட நம்பர் கட்டாயம் இல்லை. வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று தாராளமாகச் சொல்லலாம்.

• ஆதார் கேட்டால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்க. ஆதார் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

• விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909-ல் பதிவு செய்யலாம். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

• நம்பிக் கொடுத்த தகவலை அடுத்தவருக்குக் கொடுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. 1915 ஹெல்ப்லைனில் புகார் செய்யலாம். இழப்பீடு கேட்டு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

இந்த நுகர்வோர் சட்ட வழியில் கிடைக்கும் இழப்பீடு பாதிக்கப்பட்டவருக்கே வரும். அதனால் பில், எஸ்.எம்.எஸ்., வந்த அழைப்பின் நம்பர், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீங்க. நாளைக்கு ஆணையத்தின் முன் நிற்கும்போது அவைதான் உங்கள் சாட்சி.