முதுமைக்கு வாங்கிய தங்கம் கடைக்கு முதல் அல்ல



உத்தியோகம் பார்ப்பவருக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று உண்டு. அதையொட்டி ஒரு தொகையும் கைக்கு வரும். கடைக்காரருக்கு இரண்டும் கிடையாது. கடைதான் நமக்குச் சேமநிதி என்று எண்ணி, வந்த லாபத்தையெல்லாம் சரக்கிலும் வெளிப்பாக்கியிலும் போட்டுவிட்டோம். அறுபதைத் தாண்டி உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் பேரேட்டில் லட்சங்கள் நிற்கின்றன. கையில் எடுக்கச் சொற்பமே இருக்கிறது. 2019இல் மத்திய அரசு சிறு வணிகர்களுக்கென ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் சேர வயது வரம்பு 18 முதல் 40 வரை. 60க்குப் பின் கிடைப்பது மாதம் ரூ.3,000. நம் வயதினருக்கு அதில் இடமில்லை.

ஆகவே நம்மில் பலர் தங்கத்தை நம்புகிறோம். அதில் தவறில்லை. 1991இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, நம் நாடே 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்துத்தான் நிலைமையைச் சமாளித்தது. ஆயினும், தங்கம் வாங்குவோர் மூன்று விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, அளவு. தங்கம் வட்டி ஈனாது, வாடகை தராது. மாத மளிகைக்கும் மருந்துக்கும் காசை ஒவ்வொன்றாக விற்றுக் காலம் தள்ள முடியாது. விலை ஏறிக்கொண்டேயிருக்கும் என்பதும் சரியல்ல. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், அந்த விலையை மீண்டும் கண்டது 2008 ஜனவரியில்தான். நமக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், அதே காலத்தில் டாலர் சுமார் 8 ரூபாயிலிருந்து 39 ரூபாய்க்கு ஏறியதுதான். எனவே முதுமைக்கென ஒதுக்குவதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு தங்கமாக இருந்தால் போதும் என்பது நம் கருத்து. மாதச் செலவுக்கு வட்டி வரும் வழி தனியே வேண்டும். 60 வயது நிறைந்தோர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் ரூ.30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

இரண்டாவது, வடிவம். பெண்மக்கள் கழுத்தில் இருப்பது சேமிப்புக் கணக்கில் சேராது. அதை விற்க எந்த வீட்டிலும் மனம் வராது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே நஷ்டம். சேமிப்புக்கு 24 காரட் காசுதான் உகந்தது. காசு விற்கும் வங்கி அதைத் திரும்ப வாங்குவதில்லை என்பதால், திரும்ப எடுத்துக்கொள்ளும் நல்ல கடையில் வாங்குவது நலம். நாம் நம் வாடிக்கையாளரிடம் பில் போட்டு விற்கச் சொல்லி வாதாடுகிறோம். நாமே பில் இல்லாமல் தங்கம் வாங்கலாமா? விற்கும் நாளில் வருமான வரிக் கணக்குக்கு அந்தப் பில்தான் சாட்சி.

மூன்றாவதுதான் முக்கியம். முதுமைக்கென்று வாங்கியதைக் கடைக்காக அடகு வைக்கக்கூடாது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். 2015 தீபாவளி சமயம் துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாய் வரை போனது பலருக்கும் நினைவிருக்கும். மறு ஆண்டும் அப்படியே ஏறும் என்று கணக்குப் போட்டு, இருந்த காசுகளை அடகுக் கடையில் வைத்துச் சரக்கு எடுத்தோம். அந்தப் பருவத்தில் நாடெங்கும் விளைச்சல் பெருகியது. 2017இல் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பருப்பும் நஷ்டம், அடகுக்கு வட்டியும் தண்டம். ஏல நோட்டீஸ் வந்த பிறகு, வீட்டு மனை ஒன்றை விற்றுத்தான் மீட்டோம். குற்றம் பருப்பின் மேலும் இல்லை, தங்கத்தின் மேலும் இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருந்த நம் மேல்தான்.

சரக்கு ஏறும், இறங்கும். அது தொழில் தர்மம். தொழில் படுக்கும்போது தாங்குவதற்குத்தான் தங்கம். அதையும் தொழிலுக்குள் இழுத்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே படுக்கும். பிறகு அதைப் பலவகைச் சேமிப்பு என்று சொல்வதில் பொருளில்லை.

இன்னொரு வார்த்தை. தங்கம் இருக்குமிடம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வங்கி லாக்கரில் வைப்போர் வாரிசு நியமனத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2022 முதல் உள்ள விதிப்படி, வங்கியில் திருட்டோ தீயோ நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். ஆகவே அனைத்தையும் ஒரே லாக்கரில் அடைத்து வைப்பதும் விவேகமல்ல.

கடைக் கணக்கு வேறு, முதுமைக் கணக்கு வேறு. இன்றே இரண்டுக்கும் தனித்தனி ஏடு போடுவோம்.