நளன் விட்ட பறவையை நாம் பிடிக்கலாமா?

திருநள்ளாறு போகிறவர்கள் நள தீர்த்தத்தில் முழுகுகிறார்கள். பிறகு சனி பகவானைக் கும்பிடுகிறார்கள். நளனைப் பிடித்த சனி இங்கேதான் விலகியது என்பது கதை.

அந்தக் கதையில் ஒரு பறவை உண்டு. அதை யாரும் நினைப்பதில்லை!

நளன் ஓர் அன்னத்தைப் பிடித்தான். "என்னை விட்டு விடு" என்று அது கெஞ்சியது. அவனும் விட்டு விட்டான். அதுதான் தமயந்தியிடம் தூது போயிற்று.

அன்னம் என்பது எந்தப் பறவை? பட்டைத்தலை வாத்துதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும்.

இதற்குச் சொந்த ஊர் மலை உச்சி. லடாக்கில் சோ மோரிரி என்று ஓர் ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 15 ஆயிரம் அடி! அங்கேயும், திபெத்து, மங்கோலியா ஏரிகளிலும் கோடையில் குஞ்சு பொரிக்கும். குளிர் வந்தால் ஏரி உறைந்து விடும். தீனி கிடைக்காது. உடனே இமயமலையைத் தாண்டிப் பறக்கும். அந்த உயரத்தில் நமக்கு மூச்சுத் திணறும். இதற்குத் திணறாது. காற்று குறைந்த இடத்திலும் பிராண வாயுவை இழுத்துக்கொள்ளும் ரத்தம் அதற்கு!

இப்படி வரும் வாத்துகள் நெல்லை மாவட்டம் கூந்தங்குளத்தில் தங்குகின்றன. அந்த ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அதைச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1994-ல். அதற்கு முன்பே பறவைகளுக்கு ஊரார்தான் காவல்.

நம் பக்கம் எப்படி?

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கோடியக்கரை. பூநாரைகளும் உள்ளான்களும் குளிர்காலத்தில் வந்து இறங்கும் இடம். 1967 முதல் சரணாலயம். ஆனால் சரணாலயத்தின் எல்லை பறவைக்குத் தெரியுமா? அது வயலுக்கும் வரும், குளத்துக்கும் வரும். அங்கே கண்ணியும் வலையும் காத்திருக்கின்றன. மடையானா, தூர தேசத்துப் பறவையா என்று யார் பார்க்கிறார்கள்? காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்கிறார்கள்.

கண்ணி வைக்கிறவன் பெரும்பாலும் ஏழை. அவனைவிட எனக்குக் கோபம், காரை நிறுத்தி வாங்குகிறவர்மேல்தான். வாங்க ஆள் இல்லாவிட்டால் கண்ணி எதற்கு? 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடிப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஜெயில் உண்டு.

சனிக்கிழமை நளன் குளத்தில் முழுக்கு. ஞாயிற்றுக்கிழமை பறவைக் கறியா?

ஐப்பசி மழையோடு அவை வரும். பங்குனி வாக்கில் திரும்பிப் போகும். அதுவரை சாலையோரத்தில் யாராவது பறவை விற்றால் வாங்காதீர்கள். வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள்.