பனிக்கு நடுவே ஒரு தாகம்

அமெரிக்காவின் சிகாகோ போன்ற குளிர் நகரங்களில் குடியேறிவிட்ட உறவினர்கள் அனுப்பும் புகைப்படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலின் இருபுறமும், கூம்பு வடிவில் செதுக்கி வைத்தாற்போல, ஊசியிலை மரங்கள் இரண்டு நிற்கும். மற்ற மரங்களெல்லாம் இலையுதிர்த்து மொட்டையாய் நிற்க, இவை மட்டும் வெண்பனிக்கிடையே பசுமை மாறாமல் இருக்கும். மார்ச் மாதத்தில் வரும் படத்தில் அதே மரம் ஒரு பக்கம் செங்கல் நிறமாகக் கருகியிருப்பதும் உண்டு. குளிர் தாங்காமல் பட்டுவிட்டது என்று வீட்டார் கூறுவர். பெரும்பாலும் அது சரியான காரணம் அன்று. அம்மரம் வாடியது தாகத்தால்.

காலடியில் பனி குவிந்து கிடக்கையில் தாகமா என்று வியப்பீர்கள். வேர் நீரைத்தான் பருகும், பனிக்கட்டியைப் பருகாது. நிலம் உறைந்துவிட்டால் வேருக்கு வரவு நின்றுவிடுகிறது. ஊசியிலையோ பசுமையாக இருக்கும் வரை ஈரத்தைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே இருக்கும். அதன் மேல் மெழுகுப் பூச்சையும், மூச்சு விடும் துளைகளைச் சற்றே உள்ளடக்கியும் படைத்தவன் அமைத்திருப்பதால் இழப்பு மிகக் குறைவு. ஆனால் வறண்ட காற்று நாட்கணக்கில் வீசி, தென்திசையில் தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலும் இலையைச் சூடேற்றினால், செலவு மட்டுமே நடந்து சேமிப்பு கரைந்துவிடும்.

இதற்கு மரமே சாட்சி. கருகல் பெரும்பாலும் காற்று மோதும் பக்கத்திலும் வெயில் படும் பக்கத்திலும்தான் காணப்படும்; மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். குளிர் இருபக்கமும் ஒன்றுதானே? பனிக்குள் புதைந்திருந்த அடிக்கிளைகளும் பழுதின்றித் தப்பியிருக்கும். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. இலையுதிர் காலத்தில் மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகிய ஸ்புரூஸ் மரத்திற்கு அது தாங்கக்கூடிய குளிரே.

வாசல்களில் மிகுதியாக நடப்படும் அந்தக் கூம்பு மரத்தின் பெயர் குட்டை ஆல்பர்ட்டா ஸ்புரூஸ். 1904ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், இன்று லேக் லூயிஸ் எனப்படும் ஊரருகே, பாஸ்டன் நகரின் அர்னால்டு மரப்பூங்காவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரேடர், ஜான் ஜாக் எனும் இரு அறிஞர்கள் அதனைக் கண்டெடுத்தனர். ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் கண்ணில் பட்டதாம்! வெண்ஸ்புரூஸ் இனத்தில் இயற்கையாகவே குள்ளமாகிப்போன வகை அது. ஆண்டுக்கு 2 முதல் 4 அங்குலம்தான் வளரும். ஆகவே ஆளுயர மரம் ஒன்று பட்டுப்போனால் இழப்பது பணத்தை மட்டுமன்று. ஏறத்தாழ 20 ஆண்டுகளையும் சேர்த்தே இழக்கிறோம்.

காப்பாற்றும் வேலை பனி விழுமுன்னரே நடக்க வேண்டியது. இலையுதிர் காலத்தில் மழை குறைந்தால், நிலம் உறையும் வரை வாரம் ஒருமுறையேனும் வேரடி முழுதும் நனைய மெதுவாக நீர் பாய்ச்ச வேண்டும். கோடையில் பிள்ளைகளிடம் போய்த் தங்கித் தோட்டத்தைக் கவனித்துக்கொண்ட பெற்றோர் அக்டோபரில் ஊர் திரும்பிவிடுவர். அத்துடன் தண்ணீர்க் குழாயும் சுருட்டி வைக்கப்படும். மரத்திற்கு மிகவும் வேண்டிய நேரம் அதுதான். தொலைபேசியில் பேசும்போது நீங்கள் நினைவூட்டலாம். நீருக்குப் பின் மரப்பட்டைத் துண்டுகளால் 2, 3 அங்குல உயரத்திற்கு மூடாக்கு இடுவது நலம். ஆனால் அது அடிமரத்தைத் தொடலாகாது. புதிய கன்று நடுவோர் செப்டம்பருக்குள் நட்டுவிட்டால் உறைபனிக்கு முன் வேர் ஓடச் சற்று அவகாசம் கிடைக்கும்.

காற்று வரும் திசையில் கழி நட்டுச் சாக்குத் துணியால் தட்டி கட்டுவது எளிய, நல்ல முறை. துணி மரத்தின்மேல் உராயாதிருக்கட்டும். பிளாஸ்டிக் தாளால் மரத்தைச் சுற்றுவது கேடு. வெயிலில் உள்ளே வெப்பம் ஏறிவிடும். இலைமேல் தெளிக்கும் மெழுகு மருந்துகளும் கடைகளில் உண்டு. அவற்றின் பலன் நிச்சயமில்லை. அந்தக் காசுக்கு ஒரு சாக்கும் நான்கு கழிகளும் வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

சாலையோர மரங்களுக்கு இன்னொரு பகை, பனியை உருக்கத் தூவும் உப்பு. வாகனங்கள் வாரியடிக்கும் உப்புநீர் வெண்பைன் மரத்தை வெகுவாகக் கருக்கிவிடும். சிகாகோவை அடுத்த லைல் என்னும் ஊரில், 1922இல் நிறுவப்பட்ட மார்ட்டன் மரப்பூங்கா இருக்கிறது. ஊசியிலை மரங்களை வகைவகையாகக் காண ஏற்ற இடம். அதை நிறுவிய ஜாய் மார்ட்டன் உப்பு வணிகத்தில் பெரும் செல்வர் என்பது வேடிக்கையான உண்மை!

இனி, கருகிய மரத்தை வசந்தத்தில் உடனே வெட்டிவிடாதீர்கள். இலை கருகினும் நுனி மொட்டு உயிரோடு இருக்கக்கூடும். சிறு கிளையை வளைத்துப் பாருங்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஜூன் வரை பொறுக்கலாம். முற்றிலும் உலர்ந்த பகுதியை மட்டும் பிறகு நீக்குக. ஸ்புரூசும் பைனும் இலையற்ற பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்ப்பதில்லையாதலால், கத்தரியை ஆழமாகச் செலுத்துவது ஆபத்து.

யூ என்னும் மரமோ பழைய கட்டையிலிருந்தும் தழைக்கும். அதனால் அதை நட ஆசை வரலாம். ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். அதன் இலையும் விதையும் கொடிய நஞ்சு. விதையைச் சூழ்ந்த செந்நிறச் சதையோ பிள்ளைகளின் கண்ணைக் கவர்வது.