அணையின் உயரம் நீரின் அளவல்ல

பள்ளியில் இயற்பியலின் முதல் பாடம் அளவீடும் அலகுகளும்தான். விடை சரியாக இருந்தும் அலகு எழுதாததற்காக ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தபோது, அது வீண் கண்டிப்பாகவே எனக்குத் தோன்றியது. காவிரிச் செய்திகளைப் படிக்கும்போதுதான் அந்தப் பாடத்தின் அருமை புரிகிறது.

அச்செய்திகளில் மூன்று அளவுகள் இடம்பெறுகின்றன. அணையின் நீர்மட்டம் அடிக்கணக்கில் சொல்லப்படுகிறது. நீர்வரத்தும் திறப்பும் விநாடிக்கு இத்தனை கன அடி என்றும், நீர் இருப்பு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி என்ற அலகிலும் குறிக்கப்படுகின்றன. முதலாவது உயரம், இரண்டாவது ஓட்டத்தின் வீதம், மூன்றாவது கன அளவு. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

2023 ஆகஸ்ட் இறுதியில், தமிழகத்துக்கு விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள்களுக்குத் தண்ணீர் திறக்குமாறு கர்நாடகத்துக்குக் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டது. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள் என்று பெருக்கிப் பார்த்தால் மொத்தம் ஏறத்தாழ 6.5 டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியில் இது 7 விழுக்காடே. ஆனால், ‘5,000 கன அடி திறப்பு’ என்று விநாடியை விட்டுவிட்டுப் பேசும்போது, அது பெரிதா, சிறிதா என்பதே விளங்குவதில்லை.

நீர்மட்டம் இன்னும் எளிதில் ஏமாற்றக் கூடியது. அவ்வாண்டு ஜூன் 12-இல் குறுவைக்காக மேட்டூர் திறக்கப்பட்டபோது நீர்மட்டம் 103 அடி. முழு உயரமான 120 அடியில் இது 86 விழுக்காடு. இருப்போ ஏறத்தாழ 69 டிஎம்சி. அதாவது 74 விழுக்காடுதான். அணை செங்குத்தான தொட்டி அன்று. மேலே செல்லச் செல்ல விரியும் பள்ளத்தாக்கு. மேல்மட்டத்தில் ஓர் அடி நீர் இறங்குவதும் அடிமட்டத்தில் ஓர் அடி இறங்குவதும் ஒன்றல்ல.

விநாடிக்கு 10,000 கன அடி வீதம் திறந்தால், நீர்வரத்து இல்லாத நிலையில் 69 டிஎம்சி சுமார் 80 நாள்களுக்கே போதும். குறுவைப் பயிரின் வயதோ 100 நாள்களுக்கும் மேல். மீதியைத் தென்மேற்குப் பருவமழையும் கர்நாடகமும் தர வேண்டியிருந்தது. இரண்டும் பொய்த்தன. அக்டோபரில் நீர்மட்டம் சுமார் 30 அடியாகச் சரிந்தபோது அணை மூடப்பட்டது. உயரத்தில் கால் பங்கு இருந்தும், இருப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு ரூ.13,500 நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

அந்த இழப்புக்குக் காரணம் அலகுக் குழப்பம் என்று நான் கூறவில்லை. ஆனால், விதைப்பதா, காத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய விவசாயிக்கு நீர்மட்டம் மட்டும் போதாது. இருக்கும் நீர் எத்தனை நாள்களுக்கு வரும் என்பதே தேவை. முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்த நீர்வளப் பணிகளை இன்று மேற்கொள்ளும் நீர்வளத் துறை, அணை திறப்பு அறிவிப்புகளில் நீர்மட்டத்துடன் இந்த நாள் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். ஊடகங்களும் ‘விநாடிக்கு’ என்ற சொல்லை விடாமல் எழுத வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும்.